கிராம் கணக்கு மட்டும் போதாது: புராஸ்டேட் வீக்கத்துக்கு என்னென்ன சிகிச்சை?

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று ஸ்கேன் எடுக்கப் போனவரின் ரிப்போர்ட்டில், கேட்காமலே ஒரு வரி வந்து சேர்கிறது: ‘புராஸ்டேட்டோமெகாலி, கிரேடு 2, 46 கிராம்’. அன்று சாயங்காலத்துக்குள் மகன் இணையத்தில் படித்துவிடுகிறான், பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆபரேஷன் கதையைச் சொல்லிவிடுகிறார், வீடே கலங்கிப் போகிறது. ரிப்போர்ட்டின் சொந்தக்காரரோ இரவில் ஒரே ஒரு தடவை எழுந்து போய்விட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிறவர். அவருக்கு இப்போதைக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம்.

இளம் வயதில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கும் புராஸ்டேட், 40 வயதுக்கு மேல் மெல்ல வளரத் தொடங்குகிறது. 60 வயதில் ஆண்களில் பாதிப் பேருக்கும், 80 தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்த வளர்ச்சி இருக்கும். அது புற்றுநோயல்ல, புற்றுநோயாக மாறுவதுமில்லை. சிறுநீர்ப்பையின் வாயில் சிறுநீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருப்பதால் வளரும்போது குழாயை நெருக்குகிறது, தொல்லை அவ்வளவுதான். எவ்வளவு நெருக்குகிறது என்பதை எடை சொல்லாது. 90 கிராம் வைத்துக்கொண்டு தாராளமாகப் போகிறவர் இருக்கிறார். 30 கிராமிலேயே, உள்நோக்கி வளர்ந்த நடு மடல் பைவாயில் மூடிபோல் விழுந்து அடைத்துக்கொள்பவரும் இருக்கிறார்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு வரிகள். ஒன்று, சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா என்பது. இன்னொன்று, போய்விட்டு வந்த பிறகு பையில் மீதம் நிற்கும் சிறுநீரின் அளவு. 50 மில்லிக்குள் இருந்தால் கவலையில்லை. 100, 150 என்றால் கவனிக்க வேண்டும். 300க்கு மேல் என்றால் பை முழுதாகக் காலியாவதே இல்லை என்று பொருள்.

இந்த மீதக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்கேன் சென்டரில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, முட்டிக்கொண்டு வரும்வரை வரிசையில் உட்கார வைக்கிறார்கள். அளவுக்கு மீறி நிரம்பிய பை சரியாகச் சுருங்காது. வெளியே யாரோ கதவைத் தட்டும் கழிவறையில் அவசரமாகப் போய்விட்டு ஓடிவந்து மேஜையில் படுத்தால், ஆரோக்கியமான பையிலும் 120 மில்லி மீதம் காட்டும். மீதம் அதிகம் என்று எழுதியிருந்தால், வழக்கமான அளவு முட்டும்போது போய், நிதானமாக முடித்து, இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறையும் முயன்றுவிட்டு, வேறொரு நாள் அந்த அளவை மட்டும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

தொல்லைக்கு மதிப்பெண்

சிறுநீரியல் மருத்துவர், அதாவது யூராலஜிஸ்ட், ஏழு கேள்விகள் அடங்கிய ஒரு தாளைத் தருவார். ஐ.பி.எஸ்.எஸ். என்று பெயர். போன பிறகும் மீதம் இருப்பதுபோல் தோன்றுகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, அடக்க முடியவில்லையா, தாரை மெலிந்துவிட்டதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பவை கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தம் 7 வரை லேசான தொல்லை, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. எட்டாவதாக ஒரு கேள்வி தனியே இருக்கும்: வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்குச் சம்மதமா? என் கணிப்பில் மற்ற ஏழையும்விட இதுதான் முக்கியம். தாளைப் பெரியவரே நிரப்ப வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து மகன் பதில் சொன்னால் இரவில் நாலு தடவை இரண்டாகிவிடும். மருமகள் அறையில் இருந்தால் அடக்க முடியாமல் நனைந்ததை அவர் சொல்லவே மாட்டார்.

இரவில் எழுவதுதான் பெரிய குறை என்றால், சிகிச்சைக்கு முன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை, ஒரு நோட்டு போதும். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று எழுதி வர வேண்டும். படுத்ததிலிருந்து காலை முதல் முறை வரை போனதைக் கூட்டிப் பாருங்கள். 65 தாண்டியவருக்கு அது நாள் முழுவதன் அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பிரச்சினை புராஸ்டேட்டில் மட்டும் இல்லை. இரவில் சிறுநீர் அதிகம் சுரக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை, பகலெல்லாம் காலில் தேங்கி படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பும் நீர், குறட்டையோடு மூச்சு நின்று போகும் தூக்கக் கோளாறு, இரவு ஒன்பது மணிக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் எல்லாம் காரணமாகலாம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், அதை எந்த வேளைக்கு மாற்றலாம் என்று மருத்துவரைக் கேட்டாலே சில வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இப்படிப்பட்டவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் செய்தாலும் இரவில் எழுவது நிற்காது. பிறகு ஆபரேஷன் தோற்றது என்று பேச்சு வரும்.

இதோடு சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின், ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்தைக் காட்டும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை ஆகியவை வழக்கம். விரல் பரிசோதனையைப் பலர் வேண்டாம் என்கிறார்கள். அரை நிமிடச் சங்கடம்தான். புற்றுநோயின் கடினத்தன்மை ஸ்கேனில் தப்பினாலும் விரலில் சிக்கக்கூடும். பி.எஸ்.ஏ.வைச் சிறுநீர்த் தொற்று இருக்கும்போதோ, சிறுநீர் வடிக்கும் டியூபைப் போட்டு எடுத்த உடனேயோ எடுக்காதீர்கள். காரணமில்லாமல் கூடிக் காட்டி, வேண்டாத பயாப்ஸி வரை இழுத்துச் செல்லும்.

மாத்திரை இல்லாமல்

லேசான தொல்லைக்கு ஆறு மாதமோ ஓராண்டோ கவனித்திருப்பதே முறையான சிகிச்சை. மருத்துவர் ஒன்றும் எழுதித் தரவில்லை என்று வேறு டாக்டரிடம் ஓட வேண்டாம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரைக் குறைக்கலாம், ஆனால் பகலில் குறைக்கக் கூடாது. மாலை நான்குக்கு மேல் காபி, டீ வேண்டாம். மலச்சிக்கலை விடாதீர்கள், நிரம்பிய மலக்குடல் முன்னால் இருக்கும் புராஸ்டேட்டையும் பையையும் அழுத்தும். உட்கார்ந்து போவது பலருக்கு எளிதாக இருக்கிறது. வேட்டியைச் சரிசெய்த பிறகு சொட்டுகிறது என்பவர்கள், விதைப்பைக்குப் பின்னால் விரலால் அழுத்தி முன்னோக்கி நீவிவிட்டால் குழாயில் தங்கிய கடைசிச் சொட்டுகள் வந்துவிடும்.

நெருஞ்சில் கஷாயத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது சிறுநீரைப் பெருக்கக் கொடுக்கப்படுவது. வழி நெருங்கியிருப்பவருக்கு இரவில் சிறுநீரைப் பெருக்கினால் என்ன உதவி? ‘சா பால்மெட்டோ’ என்ற அமெரிக்கப் பனைவகையின் சாறு அடைத்த மாத்திரைகளும் விலை உயர்ந்த டப்பாக்களில் வருகின்றன. வழக்கமான அளவைப் போல மூன்று மடங்கு வரை கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை.

மாத்திரைகள்

பெரும்பாலோருக்கு முதலில் எழுதுவது ஆல்ஃபா பிளாக்கர் வகை: டாம்சுலோசின் 0.4 மி.கி., அல்ஃபுசோசின் 10 மி.கி., சிலோடோசின் 8 மி.கி. பைவாயிலும் புராஸ்டேட்டிலும் உள்ள தசையைத் தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே பலன் தெரியும். சுரப்பியின் அளவு குறையாது, அதனால் மாத்திரையை நிறுத்தினால் தொல்லை திரும்பும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், முக்கியமாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. நள்ளிரவில் முட்டிக்கொண்டு சட்டென்று எழுந்து, இருட்டில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வருவது மருத்துவமனைகளில் பார்க்காத காட்சியல்ல. கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

இந்த வகையில் இன்னொரு விளைவை டாக்டரும் சொல்ல மறப்பார், நோயாளியும் கேட்கக் கூச்சப்படுவார். உடலுறவின்போது விந்து வெளிவராமல் போகலாம். சிலோடோசினில் இது அதிகம். ஆபத்தில்லை, மாத்திரையை நிறுத்தினால் சரியாகும். 65 வயதில் இதெல்லாம் பெரிதா என்று மருத்துவரோ பிள்ளைகளோ முடிவு செய்யக் கூடாது. பெரிதென்று நினைப்பவர் மாற்று மாத்திரை கேட்கலாம்.

கண்புரை ஆபரேஷன் வரப்போகிறதென்றால், டாம்சுலோசின் சாப்பிட்டதையும் சாப்பிடுவதையும் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்மணியைச் சுற்றியுள்ள கருவிழித்திரை தளர்ந்து, ஆபரேஷனின் நடுவே சிக்கல் செய்யும் என்று 2005இல் கண்டறிந்தார்கள். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் தயாராக இருப்பார். கண்புரையும் புராஸ்டேட் வீக்கமும் ஒரே வயதில் வருகிறவை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது வகை உண்மையிலேயே சுரப்பியைச் சுருக்குவது: ஃபினாஸ்டெரைடு 5 மி.கி., டூட்டாஸ்டெரைடு 0.5 மி.கி. இதன் பின்னால் ஒரு வினோதமான வரலாறு இருக்கிறது. டொமினிகன் குடியரசின் ஒரு கிராமத்தில், பிறக்கும்போது பெண்ணென்று நினைத்து வளர்த்து, பருவ வயதில் ஆணாக மாறும் பிள்ளைகளைப் பற்றி 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதி அவர்கள் உடலில் குறைவு. வளர்ந்த பிறகும் அவர்களுடைய புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுத்தால் புராஸ்டேட் சுருங்குமே என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபினாஸ்டெரைடு.

சுமார் 40 கிராமுக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் இது நன்றாக வேலை செய்யும். கிராம் கணக்குக்கு உண்மையில் மதிப்பு வருவது இங்கேதான். பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். சுரப்பி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சுருங்கும். இரண்டு மாதத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். உடலுறவில் ஆர்வம் குறைவது, விறைப்புத் தளர்வு, மார்பு வீங்கி வலிப்பது ஆகியவை சிலருக்கு வரும். இன்னொன்று: இந்த மாத்திரை பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ஓராண்டாகச் சாப்பிடுகிறவருக்கு 3 என்று வந்தால் அதை 6 என்றுதான் கொள்ள வேண்டும். லேப் தாளில் 4க்குள் இருக்கிறதே என்று மகிழ்ந்து ஒரு புற்றுநோயைத் தவறவிட்டுவிடக் கூடாது. அதனால் தொடங்கும் முன்பே ஒரு முறை பி.எஸ்.ஏ. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையையோ கசிந்த கேப்ஸ்யூலையோ அவர் கையால் தொட வேண்டாம்.

இரண்டு வகையும் கலந்த ஒரே மாத்திரையும் கிடைக்கிறது. 3,000க்கும் மேற்பட்டவர்களை நாலரை ஆண்டு கவனித்து 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தது, இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. சுரப்பி பெரிதாக இருப்பவருக்குக் கூட்டு மாத்திரை பொருந்தும். 25 கிராம்காரருக்கு அதை எழுதிக் கொடுத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

விறைப்புக் குறையும் சேர்ந்திருப்பவருக்குத் தினமும் டடாலாஃபில் 5 மி.கி. இரண்டுக்கும் உதவும். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிறவர் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கும். தாரை சரியாக இருக்கிறது, அவசரம்தான் அடக்க முடியவில்லை என்பவருக்கு மிராபெக்ரானோ சோலிஃபெனாசினோ சேர்ப்பார்கள். பையில் மீதம் அதிகமிருந்தால் சோலிஃபெனாசின் வகை அடைப்பையே கொண்டுவரக்கூடும். மறதி தொடங்கியிருக்கும் முதியவருக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

திடீரென்று அடைத்துக்கொண்டால்

சளிக்கு மெடிக்கல் கடையில் வாங்கிய மாத்திரை, கல்யாண வீட்டுக்குப் போன நீண்ட பேருந்துப் பயணம், மது, மலச்சிக்கல், வேறேதோ ஆபரேஷனுக்குக் கொடுத்த மயக்க மருந்து: முழு அடைப்பு பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒன்றுக்குப் பிறகுதான் வருகிறது. மூக்கடைப்புக்கான ஃபீனைலெஃப்ரின், தும்மலுக்கான குளோர்ஃபெனிரமின் இரண்டும் நம் கடைச் சளி மாத்திரைகளில் சாதாரணமாகக் கலந்திருப்பவை. முதலாவது பைவாயை இறுக்கும், இரண்டாவது பையைச் சோம்பலாக்கும்.

அடைத்ததும் வீட்டில் செய்யும் முதல் காரியம் தண்ணீரும் பார்லிக் கஞ்சியும் இளநீரும் மாற்றி மாற்றிக் கொடுப்பது. செய்யாதீர்கள். வழி அடைத்திருக்கிறது, ஊற்ற ஊற்ற வலிதான் கூடும். அடிவயிற்றை அழுத்தவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் டியூப் போட்டு வடித்துவிடுவார்கள், யூராலஜிஸ்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆல்ஃபா பிளாக்கர் கொடுத்து இரண்டு மூன்று நாளில் டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். கணிசமானவர்களுக்குத் தானாகவே போகும்.

வலியில்லாத அடைப்பு இதைவிட மோசம். பை மெல்ல மெல்ல விரிந்து, ஒரு லிட்டர் தேங்கி, நிரம்பி வழிவதுபோல் சொட்டு சொட்டாக ஒழுகிக்கொண்டே இருக்கும். ‘அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கட்டுப்பாடு இல்லை’ என்று வீட்டில் டயப்பர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அதற்குள் சிறுநீரகங்கள் பழுதாகிக்கொண்டிருக்கும். புதிதாகப் படுக்கையை நனைக்கத் தொடங்கிய முதியவரை டயப்பர் வாங்கும் முன் ஒரு ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள்.

எப்போது ஆபரேஷன்?

மாத்திரை போதவில்லை, அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு காரணம். இதில் முடிவு நோயாளியுடையது. டியூபை எடுத்ததும் மறுபடி மறுபடி அடைப்பது, அடிக்கடி தொற்று, பையில் கல், புராஸ்டேட்டிலிருந்து திரும்பத் திரும்ப ரத்தம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை வந்துவிட்டால் தள்ளிப் போடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் முக்கி முக்கிப் போன பை ஒரு கட்டத்தில் தசைவலு இழந்துவிடும். அதன் பிறகு வழியைத் திறந்துவிட்டாலும் தள்ளுவதற்குப் பையில் ஆளில்லை. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடம் இந்தச் சந்தேகம் இருந்தால், பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனையை முதலில் செய்வார்கள்.

பல பத்தாண்டுகளாக நிலைத்திருப்பது டி.யு.ஆர்.பி. வெளியே வெட்டுக் காயம் கிடையாது. சிறுநீர்க்குழாய் வழியாகக் கருவியை விட்டு, மின்கம்பி வளையத்தால் புராஸ்டேட்டின் உட்பகுதியைச் சில்லுச் சில்லாகச் சீவி எடுப்பார்கள். 30 முதல் 80 கிராம் வரை நன்றாகப் பொருந்தும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டு, சுமார் ஒரு மணி நேர வேலை. முன்பு கழுவுநீராகக் கிளைசின் பயன்படுத்தியபோது அது ரத்தத்தில் கலந்து சோடியம் இறங்கும் அபாயம் இருந்தது. இப்போது பைபோலார் கருவியில் சலைன் பயன்படுத்துவதால் அது ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. எந்த வகை என்று கேட்பதில் தவறில்லை.

வார்டுக்கு வந்த முதல் இரவில் உறவினர் கண்ணில் படுவது சிறுநீர் இறங்கும் பிளாஸ்டிக் பைதான். மூன்று வழி டியூபில் ஒரு பக்கம் சலைன் பாட்டில்கள் ஓடிக்கொண்டிருக்கும், மறுபக்கம் பையில் சிவப்பாக இறங்கும். பார்த்து மிரண்டுவிடாதீர்கள், துளி ரத்தம் கலந்தாலே ஒரு லிட்டர் சலைனும் சிவந்து தெரியும். மறுநாள் வெளிர் ரோஜா நிறத்துக்கு வர வேண்டும். பாட்டில் தீர்ந்துபோய் ஓட்டம் நின்றாலோ, பையில் இறங்காமல் அடிவயிறு உப்பி நோயாளி துடித்தாலோ, ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். கூட இருப்பவர் அன்றிரவு கவனிக்க வேண்டியது இது ஒன்றுதான். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் டியூபை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ஹோலெப் என்ற லேசர் முறை, 1990களில் நியூசிலாந்தில் உருவானது. சாத்துக்குடியின் தோலை விட்டுவிட்டுச் சுளையை மட்டும் விரலால் நெம்பி எடுப்பதுபோல், வளர்ந்த பகுதி முழுவதையும் அதன் உறையிலிருந்து பிரித்துப் பைக்குள் தள்ளி, அங்கே அரைத்து உறிஞ்சி எடுப்பார்கள். 100, 150 கிராமுக்கும் செய்யலாம், முன்பு இந்த அளவுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. ரத்தப்போக்கு குறைவு, டியூபும் சீக்கிரம் வெளியே வரும். ஆனால் கற்றுத்தேர நாளாகும் வேலை. அதனால் கருவி எவ்வளவு புதியது என்பதைவிட, மருத்துவர் இதை வழக்கமாகச் செய்கிறவரா என்பதைக் கேளுங்கள். விளம்பரங்களில் ‘லேசர்’ என்று மொத்தமாகப் போட்டுவிடுகிறார்கள். பிரித்தெடுக்கும் லேசரும் ஆவியாக்கும் லேசரும் வேறு வேறு. ஆவியாக்கினால் பயாப்ஸிக்கு அனுப்பச் சதை மிஞ்சாது.

டி.யு.ஆர்.பி., ஹோலெப் இரண்டிலும் பெரும்பாலோருக்கு விந்து பின்னோக்கிப் பைக்குள் போகும், வெளிவராது. மாத்திரையால் வந்ததைப் போல் இது பிறகு சரியாவதில்லை. விறைப்பு வழக்கமாகப் பாதிக்கப்படாது. விந்து வெளிவராமல் போவதை ஒப்பாதவர்களுக்கும் மயக்க மருந்து தாங்காதவர்களுக்கும் சிறிய முறைகள் உண்டு. சதையைச் சின்ன கிளிப்புகளால் ஒதுக்கிக் கட்டும் யூரோலிஃப்ட், நீராவியைச் செலுத்திச் சுருக்கும் ரெஸ்யூம், தொடை அல்லது கை ரத்தக்குழாய் வழியாகப் போய் புராஸ்டேட்டுக்கான ரத்தத்தை அடைக்கும் முறை ஆகியவை அவை. பலன் டி.யு.ஆர்.பி. அளவுக்கு இருக்காது, சில ஆண்டுகளில் மறுபடி சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பும் கூடுதல். எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ஆபரேஷன் தேதி கிடைத்ததும் தாமாக அந்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதய மருத்துவரும் யூராலஜிஸ்டும் பேசி முடிவு செய்ய வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரியுங்கள். தனியார் பாலிசிகளில் புராஸ்டேட் வீக்கத்துக்கு வழக்கமாக ஆரம்ப ஆண்டுகளில் காத்திருப்புக் காலம் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

வீடு திரும்பிய பின் சில வாரம் அவசரமும் எரிச்சலும் இருக்கும், சிரிக்கும்போதும் தும்மும்போதும் சொட்டலாம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொண்டால் சீக்கிரம் நிற்கும். நன்றாகத் தெளிந்த சிறுநீர் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வேளை திடீரென்று சிவக்கும். உள்ளே காயத்தின் பொருக்கு உதிர்வதால் அப்படி ஆகும். நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் அடங்கும். கட்டி கட்டியாக வந்தாலோ, அடைத்தாலோ, குளிர்காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாலு முதல் ஆறு வாரம் தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்குவதும், முக்கி மலம் கழிப்பதும், பைக் ஓட்டுவதும் வேண்டாம்.

எடுத்தது உட்பகுதியை மட்டும்தான். புற்றுநோய் அதிகம் தோன்றும் வெளிப்பகுதி அப்படியே இருக்கிறது, ஆகவே பி.எஸ்.ஏ. எப்போது, எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட் வர ஒரு வாரம் போல் ஆகும். டிஸ்சார்ஜ் அவசரத்தில் பலர் அதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். பழைய புராஸ்டேட் மாத்திரையைத் தொடர வேண்டுமா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். பழைய சீட்டைக் காட்டினால் மெடிக்கல் கடைக்காரர் மாதாமாதம் கொடுத்துக்கொண்டேதான் இருப்பார்.